அக்கா சுவருக்குப் பூப்பட்டை

பரளச்சி
2.12.2024

தம்பி சுந்தரபாண்டிக்கு அண்ணன் வெள்ளத்துரை சொல்ல, பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் எழுதுவது.

நானும் உன் மதினி முத்துமாரியும் நல்லா இருக்கோம். மழை ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டுப் போச்சு. மல்லி முளைச்சிருக்கு.

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. போன தடவை நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே பாதியில வச்சிட்ட. கடுதாசிய அப்படி வைக்க முடியாது. கிழிச்சுப் போடுறதா இருந்தாலும் படிச்சிட்டுத்தான் கிழிப்ப.

விசயம் இதுதான். நம்ம வீட்டுப் பட்டாசாலையப் புதுசாக்கப் போறேன். நாலு சுவரும் பட்டி பாத்து, சுவரும் மச்சும் சேர்ற இடத்துல சுத்திலும் பூவேலைப் பட்டை. அதுக்குக் கார்னிஸ்னு பேராம். சுவருல கட்டம் கட்டமாச் சட்டம். அது மோல்டிங். காரியாபட்டி மாரிச்செல்வம்னு ஒரு ஆளு, செல்லுல படம் படமாக் காட்டுனான். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. படம் தெரியும்.

மூணு சுவரப் பத்தி நீ பேச மாட்ட. கிழக்குச் சுவரப் பத்தித்தான் பேசுவ. நம்ம அக்கா சந்தனம் ஒம்பது வயசுல போய்ச் சேந்தவ. கன்னியாப் போனவளை வீட்டுச்சாமியா வச்சு, அந்தச் சுவருலதான் மஞ்சப்பொட்டு வச்சு, தை கடைசி வெள்ளிக்குப் பங்காளிக அம்புட்டுப் பேரும் வந்து கும்பிடுறோம். அந்தப் பொட்டச் சுத்தித்தான் இருக்கிறதுலயே நல்ல பட்டையா வைக்கச் சொல்லியிருக்கேன். தை வெள்ளிக்குள்ள முடியணும்.

வீடு ரெண்டு பேரு பேருலயும் இருக்கு. அதனால சொல்றேன். கேக்கலை. சொல்றேன்.

வெள்ளத்துரை


தாம்பரம்
9.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மதினிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. அதை எழுத இடமில்லை, கார்னிஸுக்கு மட்டும் இடமிருக்கிறது.

அண்ணே, நம் வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பொங்கலுக்கு என் பேரப்பிள்ளைகள் வரும்போது அந்தப் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் பூட்டனார் கட்டிய சுவர் என்று நண்பர்களிடம் காட்டுகிறார்கள். அதைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிவிட்டால் அங்கே என்ன மிச்சம் இருக்கும்? சென்னையில் இந்த மோல்டிங் இல்லாத வீடே இல்லை. பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் நான் ஊருக்கு வருகிறேன்.

உங்களுக்கு எழுபத்தேழு வயது. இந்த வயதில் யார் பார்க்க இந்த அலங்காரம்?

எல்லாவற்றுக்கும் மேலாக, கிழக்குச் சுவர். அது நம் அப்பா தன் கையால் மண் குழைத்து வைத்த சுவர். அக்கா அங்கே இருக்கிறாள் என்று நாம் நம்புகிறோம். சட்டம் வைக்க ஆணி அடிக்க வேண்டும். டிரில் போட வேண்டும். அக்கா மேலேயே ஆணி அடிப்பீர்களா?

பெத்தம்மாள் அக்காவுக்கு ஒன்று: நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கு நன்றி. இது எங்கள் குடும்ப விஷயம். டீக்கடைவரை போக வேண்டாம்.

தங்கள் தம்பி
சுந்தரபாண்டி


பரளச்சி
17.12.2024

தம்பிக்கு,

பெத்தம்மாளுக்கு நீ எழுதுனத அவளே வாசிச்சா. வாசிச்சிட்டுப் பேனாவ வச்சிட்டா. "சத்துணவுல முப்பது வருசம் வேல பாத்தவ நானு. எந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு எனக்குத் தெரியும், ஒருத்தர்ட்ட சொன்னதில்ல"ன்னு கண்ணு கலங்கிட்டா. முத்துமாரி காப்பி போட்டுக் குடுத்துத்தான் திரும்ப எழுத உக்கார வச்சா. அவகிட்ட நீ மன்னிப்புக் கேளு.

இப்ப உன் கேள்விக்கு வாரேன்.

யார் பாக்கன்னு கேட்ட. நான் பாக்க. காலையில கண்ணு முழிச்சா நான் பாக்குறது அந்த மச்சு. ராத்திரி கண்ண மூடுறவரைக்கும் அதே மச்சு. நீ வருசத்துல ஒரு வாரம் வந்து சுவரத் தொட்டுக் கும்பிட்டு, "ஆகா அப்படியே இருக்கே"ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறுற. அப்படியே இருக்கிறதுக்குள்ள இருக்கிறவன் நான். கரையான் எடுக்கிறவ உன் மதினி. உன் பேரப்பிள்ளைக போட்டா பிடிக்கிறதுக்கு நாங்க காரை உதிர்ற சுவருக்குக் கீழ சோறு திங்கணுமா? நீ தாம்பரத்துல மோல்டிங்குக்குக் கீழ படுத்துக்கிட்டு எனக்கு அது வேணாம்ங்கிற.

சந்தனத்தப் பத்தி உனக்கு நான் சொன்னதில்ல. யாரும் கேட்டதுமில்ல.

அந்த வருசம் பருத்தி நல்ல வெளைச்சல். அப்பா வண்டியில பருத்தி மூட்டையத் தாட்டுப் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனாரு. அவளும் நானும் தாட்டு மூட்டை மேல. ஏவாரி வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி எடை போட்டாங்க. எங்கள வெளிமுத்தத்துல நிக்கச் சொன்னாங்க. கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள பெரிய பட்டாசாலை. சுவரு மச்சத் தொடுற இடமெல்லாம் வெள்ளையாக் கொடி, பூ, கிளி, எல்லாம் காரையில செஞ்சது. சுவரு நடுவுல சட்டம் போட்டு அதுக்குள்ள ஒண்ணுமே இல்லை. வெறும் சட்டம். அவ எட்டி எட்டிப் பாத்தா. ஒரு அம்மா வந்து, "ஏ புள்ள, படியில கால வைக்காத, மண்ணு உதிருது"ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாக.

திரும்பி வரும்போது பந்தல்குடி தாண்டி அவ கேட்டா, "ஏய்யா, நம்ம வீட்டுல சுவரு முடியுற இடத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" அப்பா மாட்ட ஒரு அடி அடிச்சாரு.

மறுநா அவ அடுப்புக்கரிய எடுத்துக் கிழக்குச் சுவருல தன் கைக்கு எட்டுனமட்டும் கொடி வரைஞ்சா. அதுக்குள்ள சட்டம் வரைஞ்சா. அப்பா வந்து பாத்து முதுகுல ஒண்ணு வச்சு, அவள வச்சே சாணியக் கரைச்சு மெழுகச் சொன்னாரு. அழுதுகிட்டே மெழுகுனா. நான் தண்ணி ஊத்துனேன். அந்தப் பங்குனியில பேதி வந்து செத்துப்போனா. நீ அப்ப அம்மா வயித்துல.

உன்னை அழ வைக்கச் சொல்லலை. வெறும் சுவருதான் நம்ம குடும்பத்துக்கு அழகுன்னு நீ எழுதினதால சொல்றேன். வெறும் சுவரு அவளுக்குப் பிடிக்கலை.

வெள்ளத்துரை


தாம்பரம்
26.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பெத்தம்மாள் அக்கா, நான் எழுதியது தவறு. மன்னியுங்கள்.

அண்ணே, உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். எழுபது வயதில் முதல் முறையாக எனக்கு அக்கா பேசிய ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்டால், "நீ கேட்கவில்லை" என்பீர்கள்.

ஆனாலும் என் மனம் மாறவில்லை. நீங்கள் அவளோடு வண்டியில் போனீர்கள். அவள் முகம் உங்களுக்குத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. ஒரு படம்கூடக் கிடையாது. அவள் கரிக்கோடு போட்ட சுவர், அவளே மெழுகிய சுவர், அதில் கை வைக்கும்போதுதான் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்று படுகிறது. இப்போது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சுவரைத் தொட விடவே கூடாது என்றுதான் தோன்றுகிறது. அந்த மெழுகலுக்கு அடியில் அவள் போட்ட கோடு இருக்கிறது, அண்ணே. அதன் மேல் பட்டி பூசி மறைக்கப் போகிறீர்கள்.

நீங்கள் சொல்வதோடு நிறுத்திக்கொண்டீர்கள், கேட்கவில்லை. நானும் சொல்கிறேன். கருத்தப்பாண்டி அண்ணனுக்குப் போன் செய்துவிட்டேன். கும்பிடு நடத்துகிற பங்காளி அவர். அவர் வந்து உங்களிடம் பேசுவார். அதற்கும் கேட்காவிட்டால் கூட்டுச் சொத்தில் என் சம்மதம் இல்லாமல் வேலை நடக்கிறது என்று நான் எழுத வேண்டிய இடத்தில் எழுத வேண்டியிருக்கும்.

சுந்தரபாண்டி


பரளச்சி
12.1.2025

தம்பிக்கு,

எழுது. எழுத வேண்டிய இடம் எதுன்னு சொன்னா நானே பஸ் ஏறிப் போயி, ஆமா நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டு வாரேன்.

கருத்தப்பாண்டி வந்தான். கூட நாலு பங்காளிக. மாரிச்செல்வம் மச்சுல பட்டை ஒட்டிக்கிட்டு இருக்கான், தலை முச்சூடும் வெள்ளை. கருத்தப்பாண்டி வாசல்ல நின்னுக்கிட்டே, "ஏலே வெள்ளத்துரை, சாமி சுவருல கை வைக்கிறியாமே?"ன்னான்.

"உள்ள வா. நின்னுக்கிட்டுப் பேசுனா சண்டை மாதிரி இருக்கும்."

"சண்டைக்குத்தான் வந்திருக்கோம்."

"அப்ப உக்காந்து போடுவோம்"ன்னேன்.

உக்காந்தாங்க. மேல அண்ணாந்து பாத்தாங்க. அம்புட்டுப் பேரும் மேலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கருத்தப்பாண்டி கடைசியில, "இது பால் நிறமா, சந்தன நிறமா?"ன்னான். "பால்"னேன். "எங்க வீட்டுக்கு என்ன ஆகும்?"னான். முத்துமாரி உள்ள இருந்து, "சண்டை முடிஞ்சிருச்சா, காப்பி கொண்டு வரவா?"ன்னா.

பிறகு அவனுக்கு ஞாபகம் வந்து, சாமி சுவரு அப்பன் கட்டுன சுவரு, அதத் தொட்டா குத்தமாயிரும்னான். நீ சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சான். ஊருக்கே தெரிஞ்சத அவன் மறந்துட்டான்; அவங்கிட்ட நான் ஞாபகப்படுத்துனத உனக்கும் சொல்றேன். சொல்லாம விட்டிருப்பேன். எழுத வேண்டிய இடத்தில எழுதுவேன்னு நீ எழுதினதால சொல்றேன்.

அது அந்தச் சுவரு இல்ல.

நீ மதுரையில காலேசு படிச்சுக்கிட்டு இருந்தப்ப ஐப்பசியில ஒரு மழை. கண்மாய் உடைஞ்சு தெருவுல தண்ணி. ராவோட ராவா கிழக்குச் சுவரு பொத்துனு விழுந்துச்சு. கரியில்ல, கோடில்ல, மெழுகலில்ல, எல்லாம் சேறாப் போச்சு. மழை விட்ட பிறகு அப்பாவும் நானும் கொத்தனாரு ஒருத்தரும் செங்கலுல எழுப்புனோம். உனக்குப் பரிச்சை, கடுதாசி எழுத வேணாம்னு அம்மா சொல்லிட்டாக. நீ லீவுல வந்தப்ப சுண்ணாம்பு அடிச்சு முடிஞ்சிருந்துச்சு. நீ வந்து தொட்டுக் கும்பிட்ட. யாரும் ஒண்ணும் சொல்லலை.

பொட்டு எங்க வைக்கிறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அவ செத்தப்ப இருந்த உயரத்துக்குத்தான் வைக்கணும், நம்ம வழக்கம் அது. பழைய பொட்டு சேத்துல. கொத்தனாரு முழத்த வச்சு என்னமோ சொன்னாரு. அப்பா கேக்கலை. சுவருக்கு முன்னால குத்தவச்சு உக்காந்தாரு. "நான் இப்படி உக்காந்து வெத்தலை போடுவேன், அவ வந்து நிப்பா, அவ கண்ணு என் கண்ணுக்கு நேரா இருக்கும்"ன்னாரு. கைய நீட்டி, "இந்தா, இங்க வையி"ன்னாரு. நான் மஞ்சள வச்சேன். அவ முதுகுல ஒண்ணு வச்ச அதே கையத்தான் அப்பா நீட்டுனாரு. ரொம்ப நேரம் எந்திரிக்கலை.

அந்தப் பொட்டுத்தான் இப்ப இருக்கு. அதச் சுத்தித்தான் சட்டம். மாரிச்செல்வம் சொல்றான், "அய்யா, மத்த கட்டமெல்லாம் இடுப்புக்கு மேல வருது, இது ஒண்ணு மட்டும் தரையோட ஒட்டிக் கீழ வருது, லெவலு போயிரும், பாக்க நல்லாருக்காது"ன்னு. "லெவலு போகட்டும். அவ அங்கதான் நிக்கிறா"ன்னேன்.

வெள்ளத்துரை


தாம்பரம்
22.1.2025

அண்ணனுக்கு,

ஐம்பது வருடமாக நான் எதைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரே அறிந்த ஒன்று, என் ஒருவனுக்குத் தெரியாது. விருந்தாளியைப் போல என்னை வைத்திருந்திருக்கிறீர்கள்.

உங்கள் இஷ்டம் போலச் செய்துகொள்ளுங்கள். யாருக்கும் எதுவும் எழுதவில்லை. இந்தத் தை வெள்ளிக்கு நான் வரவில்லை.

சுந்தரபாண்டி


பரளச்சி
30.1.2025

தம்பிக்கு,

வரலைன்னா போ.

விருந்தாளியா வச்சிருந்தோம்னு எழுதியிருக்க. அது உண்மைதான். நீ படிச்சவன், உனக்குச் சுமை குடுக்கக் கூடாதுன்னு அம்மா நினைச்சாக. நான் அப்படி நினைக்கலை. எழுதத் தெரியாததால விட்டுட்டேன். இப்பப் பெத்தம்மா இருக்கா.

வேலை முடிஞ்சிருச்சு. கிழக்குச் சுவருல அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் ஆணி அடிக்கலை. தெர்மாகோலு மாதிரி லேசா ஒரு பட்டை வருது, அதுல பூவெல்லாம் இருக்கு. பசையிலேயே நிக்கும். அத ஒட்டச் சொன்னேன். நீ சொன்னதுக்காக ஒண்ணும் இல்ல.

வெள்ளத்துரை


தாம்பரம்
14.2.2025

அண்ணனுக்கு,

கருத்தப்பாண்டி அண்ணன் கும்பிடு அன்று எடுத்த படங்களை வாட்ஸப்பில் போட்டிருந்தார். பார்த்தேன். பொட்டுக்குக் கீழே இருந்த பட்டை வளைந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. பூக்கள் கரைந்து ஒழுகியிருக்கின்றன. கீழே ஆளாளுக்குச் சாமிக் குத்தம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் யோசியுங்கள். இத்தனை வருடம் கும்பிடுகிறோம், இப்படி நடந்ததுண்டா? வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். இனிமேலாவது பிடிவாதம் வேண்டாம்.

சுந்தரபாண்டி


பரளச்சி
24.2.2025

தம்பிக்கு,

நடந்தது இதுதான். படத்துல சத்தம் வராது, அதனால சொல்றேன்.

சந்தனத்தோட சாமிப்பெட்டியத் திறந்து பழைய பாவாடை சட்டைய எடுத்துட்டுப் புதுசு வச்சோம். வளையல் வச்சோம். பணியாரம், பால் பொங்கல் எல்லாம் வச்சாச்சு. கருத்தப்பாண்டி தாம்பாளத்துல சூடத்த மலையாக் குவிச்சான். குவிச்சிட்டு, எப்பவும் போலச் சுவரோரம் தள்ளி வச்சிட்டான். வெறும் சுவரா இருந்தப்ப வச்ச இடத்துலயே வச்சான். யாருக்கும் தோணலை, எனக்கும் தோணலை. குலவை போட்டுக்கிட்டு இருக்கும்போதே கீழ்ப்பட்டை மெழுகு மாதிரி வளைஞ்சு இறங்குச்சு. குலவை நின்னுபோச்சு.

கருத்தப்பாண்டி, "சாமி ஏத்துக்கலை"ன்னு கத்துனான்.

உன் மதினி எந்திரிச்சா. முட்டிவலின்னு கேட்டியே, அந்த முட்டியோட எந்திரிச்சா. "கொழுந்தனாரே, ஏத்துக்கலைன்னா மேல்பட்டைய இல்ல கழட்டியிருப்பா. அம்புட்டுத் தீயக் கிட்ட வச்சா எது உருகாது? உங்க மீசையக் கொண்டாங்க, வச்சுப் பாப்போம்"ன்னா. பொம்பளைக சிரிச்சிட்டாங்க. அந்தச் சிரிப்புலயே மறுபடி குலவை எடுத்துட்டாங்க. அது உன் படத்துல இல்ல.

இப்ப நான் கேக்குறேன். ஆணி அடிச்ச மரச்சட்டமா இருந்தா உருகியிருக்காது. அக்கா மேல ஆணி அடிப்பியான்னு நீ கேட்ட ஒரு வார்த்தைக்காக லேசுப் பட்டைய ஒட்டுனேன். நீ சொன்னதுக்காக இல்லைன்னு எழுதச் சொன்னது பொய். உருகுனது உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டதால. அதுக்கு அவ மேல பழி போடாத.

வருசா வருசம் அவ பாவாடை இத்துப்போகுது, புதுசு வைக்கிறோம். பாவாடை வேணாம்னு சொல்லிட்டாள்னு யாரும் சொன்னதில்லையே.

எடுக்க மாட்டேன். தொங்குறது தொங்குனபடி இருக்கு. வாரவன் எல்லாம் பாத்துட்டுப் போகட்டும்.

வெள்ளத்துரை


தாம்பரம்
5.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஆணி என்று எழுதியதை நீங்கள் மனதில் வைத்துச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் யார் சொல்லையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே உருகியதை விட்டுவிட்டால், மற்ற மூன்று பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவு கீழே அந்தச் சட்டம் இருப்பதைப் பார்த்ததும், ஒரு குழந்தை நிற்கிற மாதிரியேதான் இருந்தது. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி. வைப்பதுதான் முடிவு என்றால் ஒழுங்காக வையுங்கள். தேக்கில் செய்யச் சொல்லுங்கள். நூறு வருடம் கிடக்கும். ஆணிக்கு நான் சம்மதிக்கிறேன். என்னிடம் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி
சுந்தரபாண்டி


பரளச்சி
14.3.2025

தம்பிக்கு,

தேக்கு வேணாம்.

மாரிச்செல்வமும் அதத்தான் சொன்னான், வேணாம்னுட்டேன். தேக்குல அடிச்சு வச்சா நூறு வருசம் நிக்கும். நிக்கிறதுக்கிட்ட எவனும் போக மாட்டான். தூசி தட்டக்கூட ஆளு இருக்காது. உன் பேரப்பிள்ளைக தூர நின்னு படம் பிடிச்சிட்டுப் போகும், எங்க தாத்தா வச்ச சட்டம்னு.

உருகுறதே இருக்கட்டும். சூடத் தாம்பாளத்தத் தள்ளி வைக்கச் சொல்ல மாட்டேன், அவ இடத்துல அவளுக்கு வைக்கிறது வச்சபடியே இருக்கும். உருகுனா வருசந்தோறும் ஒரு ஆளு வந்து, பழசப் பிச்சு எடுத்து, பசை தடவி, புதுசு ஒட்டியாகணும். தரையில குத்தவச்சு உக்காந்துதான் ஒட்ட முடியும். பங்காளிக என்ன பேசுனாலும் பேசட்டும். கருத்தப்பாண்டி இப்பவே தன் வீட்டுக்கு எந்தப் பட்டை நல்லாருக்கும்னு என்கிட்ட கேட்டுக்கிட்டுத் திரியிறான்.

அடுத்த தையில ரெண்டு நாளைக்கு முந்தி வா. பட்டையும் பசையும் வாங்கி வச்சிருக்கேன். உன்னைக் கூப்பிடலை, வேலை இருக்குன்னு சொல்றேன். விருந்தாளிக்கு நான் வேலை குடுக்க மாட்டேன்.

வரலைன்னா நானே ஒட்டுவேன். என்னால முடியாமப் போனா முத்துமாரி ஒட்டுவா. அவளாலயும் முடியலைன்னா பெத்தம்மா ஒட்டுறேன்னு இப்பச் சொல்றா, எழுதிக்கிட்டே சொல்றா. எங்க மூணு பேருல ஒருத்தரு உசிரோட இருக்கிறவரைக்கும் சந்தனம் வெறும் சுவருல நிக்க மாட்டா.

அண்ணன்
வெள்ளத்துரை